குளிக்க வந்தவள்

திண்டிவனத்தில் ஜெசிந்தாவிடம் திட்டு வாங்காத கடைக்காரர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் கடை திறந்தவராக இருக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற நான்கு தெருக்கள் அவள் பொறுப்பு. விடிவதற்குள் பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள். மட்கும் குப்பையோடு பிளாஸ்டிக் கவரைக் கலந்து கொடுத்தால் வாங்க மாட்டாள். "பிரிச்சி எட்த்துகினு வா, நான் இங்கியே நிக்கிறேன்" என்று வாசலிலேயே நின்றுவிடுவாள். ஒரு கறிக்கடைக்காரர் கோழி இறகுகளை எல்லாம் இருட்டோடு இருட்டாகச் சாக்கடையில் தள்ளிவிட்டிருந்தார். காலையில் அவ்வளவையும் வாரி, ஈரம் சொட்டச் சொட்ட அவர் கடைப் படியிலேயே குவித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அவர் வார்டு கவுன்சிலர் வரைக்கும் போய்ப் புகார் சொன்னார். கவுன்சிலர் வந்து பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடைக்காரரைத்தான் திட்டினார்.

வாய்க்காரி என்று பெயர் எடுத்தாள். அதே வாயால் அந்த நான்கு தெருக்களும் பளிச்சென்று இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இழுத்துச் சொருகிய முந்தானை, ஒரு முடி பிரியாத கொண்டை, எட்டாம் வகுப்போடு நின்றாலும் அச்சுப் போன்ற கையெழுத்து. அவளைப் பிடிக்காதவர்கள்கூட அதில் குறை சொன்னதில்லை.

அவள் பிறந்தது அனந்தபுரத்துப் பக்கம் ஒரு காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியே காலத்தை ஓட்டியவர்கள். ஊருக்குப் பெரிய ஏரி இருந்தது. மழைக்காலத்தில் ஊர்ப் பையன்கள் மதகின்மேல் ஏறித் தொபுக்கென்று குதிப்பார்கள். காலனிப் பிள்ளைகள் கரைமேல் நின்று பார்ப்பார்கள். இறங்கக் கூடாது என்று யாரும் பலகை வைத்திருக்கவில்லை. பலகை இல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெசிந்தா வயதுக்கு வந்த பிறகு, பனை ஓலைத் தட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு குடம் தண்ணீரில் குளித்தாள். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகு, அந்தக் குடம் ஒரு பக்கெட் ஆனது. வேறு எந்த மாற்றமும் இல்லை.

"கழுத்து வரிக்கும் தண்ணியில நிக்கணும்டி. ஒரு தபா நின்னா போதும்" என்று அன்புச்செல்வியிடம் சொல்வாள். அன்புச்செல்வி அவளோடு வேலை பார்க்கிற சின்னப் பெண். யார் எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பவள். "நிக்கலாங்க்கா" என்பாள்.

துப்புரவுப் பெண்கள் வருடத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து டூர் போவது வழக்கம். லீவு லேசில் கிடைக்காது. முன்கூட்டியே அடுத்தவர் தெருவையும் சேர்த்துக் கூட்டி, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சம்பாதிக்க வேண்டும். எப்போதும் வேளாங்கண்ணி, இல்லாவிட்டால் மேல்மலையனூர். இந்த வருடம் ஜெசிந்தா விடவில்லை. மேற்கே மலைக்காட்டில், தேசியப் பூங்காவுக்குள் ஓர் அருவி இருக்கிறது, அதன் அடியில் இறங்கிக் குளிக்கக் குளம் மாதிரி ஆழமான இடம் இருக்கிறது என்று வேன் டிரைவர் சக்கரபாணி போனில் படம் காட்டியிருந்தார். பார்த்ததிலிருந்து அவள் அதே பேச்சாக இருந்தாள்.

மேஸ்திரி பூமாலைக்கு இதில் இஷ்டமில்லை. வேலையில் எல்லோரையும்விட மூத்தவள் அவள்தான். "அருவிக்கா? அங்க ஆம்பளப் பசங்க போனத் தூக்கிக்கினு நிப்பானுங்க. நனஞ்ச சேலையோட ஒடம்ப ஊருக்கே காட்டணுமா?" என்றாள்.

அதற்கு ஜெசிந்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டு இருக்கிறதே, கெட்டித் துணி, தொடை வரைக்கும் வரும், நனைந்தாலும் உடம்போடு ஒட்டாது. சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் எவன் எதைப் பார்க்க முடியும்? பெண்கள் எல்லோரும் ஆகா என்றார்கள். பூமாலைகூட, "வாய்க்கு ஏத்த மூளையும் கீது" என்றாள். எல்லோரும் கோட்டைத் துவைத்துக் காயவைத்து மடித்துப் பையின் அடியில் வைத்தார்கள். கோட்டின் முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் 'தூய்மைப் பணி' என்று எழுதியிருப்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. தினமும் போடுகிறவர்கள் தங்கள் முதுகைப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை ராத்திரியே வேன் கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை சோதனைச் சாவடியில் டிக்கெட் கொடுத்து, சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். "வாங்கம்மா, பாத்துப் போங்கம்மா" என்று காவலர் மரியாதையாகத்தான் பேசினார். மூங்கில் காட்டுக்குள் நடை. அட்டை காலில் ஏற, அன்புச்செல்வி அலற, மற்றவர்கள் சிரிக்க, ஏற்றம் தெரியாமல் ஏறிவிட்டார்கள். முதலில் இரைச்சல் கேட்டது. பிறகு பாறைக்கு மேலிருந்து வெள்ளையாக விழுகிற தண்ணீர். கீழே, பச்சை நிறத்தில் அகலமான குளம். கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் குளிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். கழுத்தளவு ஆழத்தில் நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா பையைக்கூட இறக்கி வைக்காமல் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூமாலை அவள் முகத்தைப் பார்த்து, "இன்னாடி, வாய் அடச்சிக்கிச்சா?" என்றாள்.

உடை மாற்றும் அறைக்குப் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்ததும், பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எச்சில் பேப்பர் தட்டை அன்புச்செல்வியிடம் நீட்டினாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். "இதையும் போட்டுடும்மா." அன்புச்செல்வி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். பழக்கம். இன்னொருவர் சோளக் கட்டையைப் பூமாலை கையில் வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் ஜெசிந்தா முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்தாள். வெள்ளை எழுத்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜெசிந்தா அன்புச்செல்வியின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், அந்தப் பெண்மணியின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தொட்டி அங்க கீது. கால் இல்லியா?"

"நீங்க இங்க வேலை பாக்கறவங்க இல்லையா?"

"ஒன்னாட்டம் குளிக்க வந்தவ."

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றி, அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

ஜெசிந்தா கரைக்கு வந்து ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். கணுக்கால் நனைந்தது. அவ்வளவுதான். மேலே பாறை இடுக்கில் குடித்துக்கொண்டிருந்த வாலிபர் கூட்டத்திலிருந்து ஒரு பாட்டில் பறந்து வந்து, குளத்து ஓரப் பாறையில் மோதிச் சிதறியது. சில்லெல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. காவலர் விசில் ஊதினார். எல்லோரையும் கரையேறச் சொன்னார். "கண்ணாடி கெடக்குது. யாரும் எறங்கக் கூடாது. மேல வாங்க, மேல வாங்க!"

அவர் அந்தக் கூட்டத்திடம் போனார். சிவப்பு பனியன் போட்ட ஒருவன், "கை வழுக்கிடுச்சு சார்" என்று சிரித்தான். காவலர், "இனிமே இப்படிப் பண்ணாதீங்க தம்பி" என்றார். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது. திரும்பி வரும்போது அவர் கண் நீலக் கோட்டுகள்மேல் விழுந்தது. முகம் தெளிந்துவிட்டது.

"ஏம்மா, நல்ல நேரத்துக்கு வந்திருக்கறீங்க. அந்தச் சில்லையெல்லாம் கொஞ்சம் பொறுக்கிப் போட்டீங்கன்னா எல்லாரும் குளிக்கலாமுங்க. உங்களுக்குப் பழகின வேலைதானே?"

"எங்களுக்கு இன்னிக்கு லீவு" என்றாள் ஜெசிந்தா.

"அஞ்சு நிமிச வேலைம்மா."

"அஞ்சு நிமிச வேலன்னா பாட்டில ஓட்சவன கூப்ட்டு பொறுக்கச் சொல்லு. தோ நிக்கிறானே, செவப்பு பனியன்."

"அவங்களுக்கு என்ன தெரியும்? கையைக் கிழிச்சுக்குவாங்க."

"எங்க கையி இன்னா இரும்பா?"

கரையில் காத்திருந்த கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. ஒருவர், "டைம் ஆகுதும்மா, இவ்வளவு தூரம் வந்திருக்கோம்" என்றார். கறுப்புக் கண்ணாடிக்காரி, "செய்யற வேலையைச் செய்யச் சொன்னா கௌரவம் பாக்கறாங்க" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. காவலருக்குக் கூட்டத்தின் துணை கிடைத்துவிட்டது. குரல் மாறியது.

"இத பாரும்மா. நாலு மணிக்கு மூடிருவோம். கண்ணாடி கெடக்கற வரைக்கும் ஒருத்தரையும் எறக்க மாட்டேன். உன்னையும்தான். உங்கள மாதிரி ஆளுங்கள உள்ள விட்டாலே இதே ரோதனை."

"எந்த மாதிரி ஆளுங்க?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லு. ஆரம்பிச்சீயே, முடி. எந்த மாதிரி ஆளுங்க?"

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். ஊதவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பூமாலை ஜெசிந்தாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "போதும் நிறுத்துடி. எல்லாத்துக்கும் சண்டயா? ஜல்தியா பொறுக்கிட்டு, குளிச்சிட்டு, போய்க்கினே இருப்போம். டெய்லி பண்றதுதான?"

"டெய்லி பண்றதுக்கா வேன் வெச்சிக்கினு வந்தோம்?"

"கோட்டு போடச் சொன்னது யாரு? நானா? ஒன் ரோசனதான? சேலையோட வந்திருந்தா எவன் நம்மள கூப்ட்டிருப்பான்? நீ பண்ண பேஜாரு, நாங்க பொறுக்கறோம்."

அது உண்மை. ஆனாலும் ஜெசிந்தா இணங்கவில்லை. பக்கத்தில் இருந்த பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் பொறுக்க மாட்டேன். நீங்களும் பொறுக்காதீங்க. மூடினா மூடட்டும்."

"மூடினா நீ இன்னாடி பண்ணுவ? கழுத்து வரிக்கும் நிக்கணும்னு உயிர வாங்கினவ நீதான?"

"ஆமா. நான்தான்."

பூமாலை முந்தானையைச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். அன்புச்செல்வி ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். பூமாலை ஒரு சத்தம் போட்டதும் "சரிக்கா" என்று அவளும் போனாள். தோளோடு தோள் சேர்ந்து வரிசையாகக் குனிந்து, உள்ளங்காலால் தரையை மெல்லத் துழாவி, சில் தட்டுப்பட்ட இடத்தில் கையை விட்டு எடுத்து, துண்டை விரித்து அதில் போட்டார்கள். மழைக்காலத்தில் சாக்கடைக்குள் தேடுகிற அதே முறை. கையுறை ஒருத்தியிடமும் இல்லை. கரையில் நின்றவர்கள், "அந்தப் பக்கம் ஒண்ணு மின்னுது பாருங்க" என்று விரல் நீட்டி உதவி செய்தார்கள்.

சிவப்பு பனியன்காரன் பாறைமேல் நின்று இதைப் போனில் படம் பிடித்தான். ஜெசிந்தா எழுந்து போய் அவன் போனுக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடு. என்னிய எடு. பாட்டில ஓட்ச கையி ஒன் கையிதான்னு நானே சொல்றேன், அதையும் சேத்து எடு."

"தள்ளும்மா. நாத்தம்."

"என்கிட்ட வர்றது ஒன் பாட்டிலு நாத்தம்தான்டா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் காதில் விழும்படி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, கூட்டாளிகளோடு மேலே ஏறிப் போனான். காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தண்ணீரில் ஒரு சத்தம். அன்புச்செல்வி கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் ஆழமான கீறல். ரத்தம் முழங்கை வரை வழிந்து கோட்டுக்குள் போனது. பூமாலை துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, கரையில் உட்காரவைத்தாள். "கையத் தண்ணியில வெக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது ஜெசிந்தாவை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் ஒரு கை கூட இருந்திருந்தால் இந்தச் சின்னப்பெண் அந்த மூலைக்குப் போயிருக்க மாட்டாள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

கடைசிச் சில்லையும் எடுத்தாயிற்று. காவலர் கையைக் காட்டினார். பெண்கள் குனிந்த முதுகை நிமிர்த்துவதற்குள் கரையிலிருந்த கூட்டம் அவர்களைத் தாண்டித் தண்ணீரில் குதித்தது. நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "சூப்பர்ம்மா" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு முங்கினார்.

ஜெசிந்தா பாறையிலிருந்து இறங்கினாள். கொண்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கி முடிந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டாள். நேராகத் தண்ணீரை நோக்கி நடந்தாள்.

பூமாலை குறுக்கே வந்து நின்றாள். "எங்கடி போற?"

"குளிக்க."

"நாங்க பொறுக்கினோம். ஒருத்தி கைய அறுத்துக்கினா. மகாராணி குந்திக்கினு வேடிக்க பாத்துட்டு இப்ப குளிப்பீங்களோ? பொறுக்காதவ எறங்கக் கூடாது."

"தோ எறங்கியிருக்குறாங்களே இத்தினி பேரு, இவங்க எவ்ளோ பொறுக்கினாங்க?"

"அவங்க வேற."

"இன்னா வேற?"

பூமாலையும் 'எந்த மாதிரி ஆளுங்க' என்ற கேள்வியில் காவலர் நின்ற இடத்திலேயே வந்து நின்றுவிட்டாள்.

"அவங்களும் டிக்கெட் வாங்கினாங்க, நானும் வாங்கினேன். நீயும்தான் வாங்கின. பொறுக்கினாதான் குளிக்க முடியும்னு நீ நெனச்ச பாரு, அதுக்கு நான் ஆளு இல்ல. வழிய வுடு."

"நல்லா இருடி நீ" என்று பூமாலை விலகினாள். வாழ்த்துகிற குரல் இல்லை அது. மற்றப் பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி தரையில் துப்பினாள்.

கயிற்றுக்குப் பக்கத்தில் காவலர் கடைசியாக ஒரு முறை முயன்றார். "அந்தக் கோட்டையாவது கழட்டிட்டு எறங்கோணும். பாக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்குதுல்ல."

"சங்கடப்படறவங்க கரையேறட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

முழங்கால். இடுப்பு. குளிர் அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. கோட்டுக்குள் காற்று புகுந்து உப்பிக்கொண்டு மேலே வர, இரண்டு கையாலும் அதை அழுத்தித் தள்ளினாள். மார்பு. பாசி பிடித்த உருண்டைக் கல்லில் கால் வழுக்கியது. நீந்தத் தெரியாது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் வர வர, கறுப்புக் கண்ணாடிக்காரி தன் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தாள். பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். கால்விரல்களைக் கல்லில் ஊன்றி இன்னும் ஓர் அடி வைத்தாள். தண்ணீர் கழுத்தைத் தொட்டது.

அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், அவளைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியாக இருந்தது. யார் கையும் காலும் இடிக்காமல், எல்லோரையும்விட அவளுக்குத்தான் இடம் தாராளமாக இருந்தது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். உள்ளே ஒரே இரைச்சல். திட்டு எதுவும் கேட்கவில்லை. எழுந்து மூச்சு வாங்கி மறுபடி முங்கினாள். மூடுகிற விசில் ஊதும்வரை அவள் கரையேறவில்லை. காவலர் இரண்டாம் முறை விசிலை அவளைப் பார்த்தே ஊத வேண்டியிருந்தது.

பூமாலையும் மற்றவர்களும் கரையோரமாக, முழங்கால் தண்ணீரில் குந்தி, கையால் மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு ஏறிவிட்டிருந்தார்கள். அன்புச்செல்வி குளிக்கவே இல்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது வேனில் ஜெசிந்தாவின் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பூமாலை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். ஜெசிந்தாவுக்கு மட்டும் சீட்டில் போட்டாள். போகும்போது பாட்டும் கூத்துமாக இருந்த வண்டி, இப்போது சாவு வீட்டுக்குப் போவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

முன்சீட்டிலிருந்து அன்புச்செல்வி திரும்பினாள். அவள் யாரையும் கோபித்து யாரும் பார்த்ததில்லை. "நீ மட்டும் குளிச்சிட்ட இல்லக்கா" என்றாள்.

"நீயும் குளிச்சிருக்கலாம்."

"கையி அறுந்துபோச்சே."

"பொறுக்காம இருந்தா அறுந்திருக்காது."

அன்புச்செல்வியின் கண் நிறைந்துவிட்டது. திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று ஜெசிந்தாவுக்கே தோன்றியது. ஆனால் பொய் என்று தோன்றவில்லை. அதனால் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு முடித்து, இலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விழுப்புரத்தைத் தாண்டும்போது பூமாலை எழுந்து நின்று, வேன் முழுவதற்கும் பொதுவாகச் சொன்னாள். "அடுத்த வருசம் வேளாங்கண்ணிதான். இப்பவே சொல்லிட்டேன். அருவியும் வேணாம், ஆளுங்கள்ல சிலதும் வேணாம்."

"சரி" என்று கோரஸாகக் குரல் வந்தது.

கொண்டைக்குள் இன்னும் காயாமலிருந்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா துண்டை உதறினாள்.

"வேளாங்கண்ணியா? கடலும் கழுத்து வரிக்கும்தான் இருக்கும். என் பேர மொதல்ல எழுது."

டிரைவர் சக்கரபாணி மட்டும் சிரித்தார். பூமாலை முறைத்ததும் அவரும் நிறுத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.